பற்றவைப்பு

கன்னிகாபுரம் முக்கில் நிற்கிற தலைவருக்குக்
கூண்டு போட வேண்டும் என்றார்
காண்ட்ராக்டர் சம்பந்தமூர்த்தி.
பகலில் கூட்டம் சேரும்,
இரவு பதினொன்றுக்கு மேல் வா.
ஆகஸ்டு பதினைந்துக்கு மூன்று நாள் இருந்தது.

போன வாரம் யாரோ மூக்கை உடைத்திருந்தார்கள்.
இந்தத் தெருக்காரர்கள் அந்தத் தெருவைச் சொன்னார்கள்.
அந்தத் தெரு, ரயில்வே லைனுக்கு அப்பால் கைகாட்டியது.
தலைவரும் அந்தப் பக்கம்தான்
நாற்பது வருடமாக விரல் நீட்டி நிற்கிறார்,
சாட்சி சொல்வதுபோல ஆகிவிட்டது.
மூக்கைச் சிமென்ட் வைத்து ஒட்டியாயிற்று.
மேலெல்லாம் அடித்த தங்க வண்ணம்
இன்னும் காயவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டைச் சேர்ப்பதற்குப் பேர்
பற்றவைப்பது.
குடிசைக்குத் தீ வைப்பதற்கும்
அதே பேர்தான்.
எவனோ யோசிக்காமல் வைத்திருக்கிறான்,
அல்லது மிகவும் யோசித்து.

உள்ளே நின்று கம்பி பிடிக்கக் கேசப் வந்தான்.
ஒடிசாவிலிருந்து வந்து ஏழு மாதம்.
"இவரு யாருண்ணே?"
"தலைவர்."
"என்ன பண்ணாரு?"
"எல்லாரையும் ஒண்ணா சேத்தாரு."
அவன் அண்ணாந்து பார்த்தான்.
"எங்க ஊரையுமா?"
பத்து எம்எம் கம்பியை அளந்துகொண்டிருந்தேன்,
காதில் விழாததுபோல.

என் அப்பா இவர் பேச்சைக் கேட்டவர்.
லாரியில் போய், தீவுத்திடலில்,
மழையில் மூன்று மணி நேரம்.
பக்கத்தில் நின்றவன் குடையில் பாதி கொடுத்தானாம்.
நீ யார், எந்தத் தெரு என்று கேட்கவில்லையாம்,
அவனும், இவரும்.
அந்த மூன்று மணி நேரத்தைச்
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.
குடைக்காரன் பேர் மட்டும் தெரியாது.

பொய் என்று சொல்லமாட்டேன். அந்தச் சூடு வேண்டும்.
வார்ப்பிரும்பும் தகடும் சும்மா சேராது,
இரண்டையும் பழுக்கக் காய்ச்ச வேண்டும்.
காய்ச்சுவது பெரிய விஷயமில்லை.
நெருப்பு யாரிடமும் இருக்கிறது.
ஆறவிடுவதுதான் வேலை.
மணலில் புதைத்து, சாம்பல் மூடி,
ராத்திரி முழுக்க.
அவசரக்காரன் தண்ணீர் ஊற்றுவான்.
விடிந்ததும் டிக் என்று ஒரு சத்தம் கேட்கும்,
ஒட்டின இடத்தில் இல்லை,
ஒட்டுக்குப் பக்கத்தில்.

இரண்டரை மணிக்கு முடிந்தது.
கசடு தட்டிப் பார்த்தேன், நாலு பக்கமும் பிடித்திருந்தது.
முன்னால் சின்னக் கதவு, மாலை நுழைகிற அளவு.
சாவி ஸ்டேஷனில் இருக்கும்.
ஹோல்டரைக் கீழே வைத்த பிறகுதான்
கேசப் உள்ளே இருப்பது உறைத்தது.

தலைவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
கதவில் தலை வந்தது, தோள் வரவில்லை.
ரோந்து வந்த ஏட்டு வண்டியை நிறுத்தி
"இவரு எந்தக் கட்சி?" என்றார்.

ஒரு கம்பியை அறுத்தேன்.
வெளியே வந்தவன் கை இரண்டிலும் தங்கம்,
துடைக்கத் துடைக்கச் சட்டையெல்லாம் பரவியது.
கம்பியைத் திரும்ப நிறுத்தி
இரண்டு பொட்டு மட்டும் பற்றவைத்தேன்.
முழு ஒட்டு இல்லை.
பிடித்து இழுத்தால் வந்துவிடும்.

கொடியேற்றின அன்று அந்த வழியாகப் போனோம்.
ஒரே மண், ஒரே ரத்தம் என்றது மைக்.
எல்லோரும் தட்டினார்கள், நானும்.
கேசப் தட்டவில்லை,
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தான்.
இடமிருந்து ஏழாவது.