பன்னிரண்டு நிமிடம்

மணிக்கணக்கில் வாடகை. பெட்ரோல் அதற்குள்.
ஆனால் மீட்டர் எண்ணுவது கடிகாரத்தை அல்ல,
இன்ஜின் சுற்றுவதை.
"மெதுவா ஓட்டினா மெதுவாத்தான் ஏறும்"
என்றார் இன்னாசி,
எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்தபடி.
என்னிடம் இருந்தது நான்கு மாதம் சேர்த்த பணம்.

திருச்சியிலிருந்து போகும்போது கடற்காற்று நேரெதிரே.
எதிர்காற்றில் கஞ்சத்தனம் கட்டாது:
இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று.
கல்லணையில் நாலாகப் பிரிந்த ஆறு
கும்பகோணத்துக்குக் கிழக்கே
வாய்க்கால் வாய்க்காலாகத் தீர்ந்துகொண்டிருந்தது.
எங்கள் நிழல் மட்டும்
எந்த வரப்பிலும் தடுக்காமல்
நடவு வயல்களில் ஓடியது.

தரங்கம்பாடியில் திரும்பினேன்.
இனி காற்று முதுகில். அதற்கு வாடகை இல்லை.
த்ராட்டிலை இழுத்தேன்: இரண்டாயிரத்து நூறு.
சிவப்புக் குமிழை மெல்ல, இன்னும் மெல்ல,
இன்ஜின் ஒருமுறை இருமும்வரை;
பிறகு ஒரு நூலளவு உள்ளே.

சத்தம் தணிந்ததும்
பக்கத்து இருக்கையில் மங்களேஸ்வரி
முதன்முறையாக வாய் திறந்தாள்:
"ஏதும் கெட்டுப்போச்சா?"
"இல்ல. மிச்சம் பிடிக்கிறேன்."
குத்தாலம் பக்கம் தான் படித்த பள்ளியைத் தேடினாள்.
கிடைத்தது ஒரு ரைஸ் மில்.
அதன் புகையும் எங்களோடு
மேற்கே சாய்ந்திருந்தது.

இறங்கியதும் இன்னாசி எழுதினார்: ஒன்று புள்ளி மூன்று.
என் கைக்கடிகாரத்தில் ஒன்றரை மணி.
நடுவே பன்னிரண்டு நிமிடம்,
பில்லில் இல்லை.

அது எந்த ஊருக்கு மேலே என்று
காரில் ஏறிய பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்
மங்களேஸ்வரி.