மாதிரி

காலை ஐந்தே காலுக்கு எடுத்தது.
மூடியை மூன்று தரம் இறுக்கினேன்.
மகளின் மகன் கிரிக்கெட்டுக்கு ஆரஞ்சு கொண்டு போகும்
நீலக் குளிர்பெட்டி. சுற்றிலும் ஐஸ்.
சாட்ஸ்வர்த்தில் டாக்ஸி ஏறி
டர்பன் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.

'மீனா அங்கிள்?' என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
'மீன் மாதிரி' என்றேன்.

பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் இதற்குப் பெயரே மாதிரி.
மாதிரி எண் நாற்பத்தொன்று.
முப்பது வருஷமாக நான் நோயாளி மாதிரி இருக்கிறேன்.
என் ரத்தமும் ஸ்கேனும்
நல்ல திடகாத்திரமானவன் மாதிரி இருக்கின்றன.

அங்கோலாவில், காட்டு முகாமில்,
டீசல் டிரம்மில் தண்ணீர் வரும்.
மேலே வானவில் மிதக்கும். விலக்கிவிட்டுக் குடிப்போம்.
மலேரியா நாலு தடவை.
மாத்திரை எத்தனை என்று எண்ணியவன் செத்துப்போனான்.
விடுதலை வந்தது, வீட்டுக்கு வந்தேன்.
சட்டைக்குப் பொத்தான் போடுவதற்குள்
கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது.

'மனசு' என்றார் முதல் டாக்டர், நெஞ்சைத் தொட்டுக் காட்டி.
என் பாஷையில் அது அங்கே குடியில்லை, ஐயா.
பயந்தால் எங்களுக்கு வயிற்றில்தான் புளி கரையும்.
நல்ல சேதி வந்தால் பால் வார்ப்பதும் அங்கேதான்.
பெற்றவளுக்குப் பற்றி எரிவதும் வயிறுதான்.
இதைச் சொல்லியிருப்பேன்.
பன்னிரண்டு நிமிஷம் முடிந்துவிட்டது.

இவள் வேறு. டாக்டர் ம்கீஸே, என் மகள் வயசு.
'உங்கள் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள்,
ஒரு பெரிய படை...' என்று ஆரம்பித்தாள்.
கை தூக்கினேன்.
என் பெயர் படையாச்சி, அம்மா. படை போதும்.
சிரித்துவிட்டாள்.
'சரி, குடித்தனக்காரர்கள். உங்களுக்குள்
பழைய குடித்தனங்களைக் காலி செய்துவிட்டார்கள்.
இடம் இருக்கிறது. ஆள் இல்லை.'

அது எனக்குப் புரியும்.
கேட்டோ மேனரில் வீடு இடிபட்டபோது எனக்கு ஐந்து வயசு.
லாரியில் தையல் மெஷின், கோழிக்கூண்டு, நான்.
அந்தச் சரிவில் பிற்பாடு
வருஷக்கணக்கில் புல் மட்டும்தான் நின்றது.

யாரோ ஒருவரின் நல்ல குடலிலிருந்து எடுத்து,
உலர்த்தி, காப்ஸ்யூலில் அடைத்துத் தருகிறார்கள்.
பாதிப் பேருக்கு அது.
பாதிப் பேருக்கு வெறும் மாவு.
யாருக்கு எது என்று கொடுப்பவளுக்கும் தெரியாது.
கொடுத்தவர் யார் என்று மட்டும் யோசிப்பேன்:
உம்லாசியில் புட்டு சாப்பிட்டு வளர்ந்த பையனோ,
ஓடுவதற்கென்றே விடியலில் எழுகிற பெண்ணோ.
உள்ளே வந்தால் என் ரசத்தைத் தாங்குவார்களா?

பெஞ்சில் எனக்கு அடுத்து கோபஸ் ஃபென்டர்.
பதினெட்டு வயசில் கட்டாயப் பட்டாளம்.
அதே அங்கோலா, தெற்கு மூலை.
அவன் என்னைத் தேடித்தான் அங்கே அனுப்பப்பட்டிருந்தான்.
அதைப் பேசவில்லை.
எந்தக் கடைத்தெருவில் கழிப்பறைக் கதவு பூட்டும்,
எந்த பெட்ரோல் பங்கில் சாவி கேட்க வேண்டும்,
இந்த ஊரின் அந்த வரைபடம்
எங்கள் இருவரிடமும் ஒன்றாகவே இருந்தது.

பன்னிரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
எனக்கு மாவு.

அன்று மாலையே ஃபென்டர் போன் செய்தான்.
கடற்கரையோரமாக நடந்து
உம்ஷ்லாங்கா கலங்கரை விளக்கம்வரை போனானாம்.
நடுவில் எங்கும் ஒதுங்கவில்லையாம்.
குரல் உடைந்தது. 'உனக்கு என்ன வந்தது?' என்றான்.
அலைச் சத்தம் கேட்டது.
'எனக்கும் அதேதான்' என்றேன்.

அடுத்த கட்டத்தில் மாவுக்காரர்களுக்கும் தருவார்களாம்,
நிதி கிடைத்தால்.
அதற்குத்தான் இன்றைய மாதிரி.
பெட்டியை வாங்கிக்கொண்டு நர்ஸ் தாளை நீட்டினாள்.
வயிற்றெரிச்சல்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.

எரிகிறது.
நோயா, ஃபென்டர் நடந்த தூரமா
என்று பிரித்துச் சொல்லக் கட்டம் இல்லை.

ஏழு என்று போட்டேன்.