சப்பாத்து முங்கிய இரவு

முதலில் சிரிப்புத்தான் வந்தது.
இரண்டு வருடம் சேர்ந்து குடியிருந்ததற்கு
ஆதாரம் கேட்கிறார்கள், மெற்றில்டா.
ஆதாரமே இல்லாமல் குடியிருக்கத்தானே
அவ்வளவு பாடுபட்டோம்.

வாடகைச் சீட்டு என் பெயரில்.
கேஸ் புத்தகம் என் பெயரில்.
கரண்டு அட்டை வீட்டுக்காரர் தாசையன் பெயரில்.
உன் தபாலெல்லாம்
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஆஸ்பத்திரி விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தன.
செருப்பை வாசலில் விடாதே,
உள்ளே எடுத்துக்கொண்டு வா என்று
தினமும் சொன்னவன் நான்.
அதை இப்போது எந்தக் கடையில் நகல் எடுப்பது?

பத்மநாபபுரம் கோர்ட்டில்
உன் வீட்டுக்காரனின் வக்கீலும்
இதையேதான் தேடிக்கொண்டிருக்கிறார்.
ஒரு போட்டோ, ஒரு பில்,
ஒரே கதவிலக்கத்தில் இரண்டு பெயர்.
அடுத்த வாய்தா பதினெட்டாம் தேதி.
டப்ளினுக்கு அனுப்பும் ஒவ்வொரு தாளையும்
அவர் கண்ணால் ஒருமுறை படித்துவிட்டுத்தான்
உறையில் போடுகிறேன்.

போனில் நானூறு படம் இருக்கிறது.
எல்லாவற்றிலும் ஒருவர்தான்.
திற்பரப்பில் நீ,
வாவுபலி பொருட்காட்சியில் மரணக்கிணற்றின் முன்னால்
வாயைப் பிளந்துகொண்டு நான்.
ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
உன் கறுப்புக் கண்ணாடிக்குள்
அரிசி அளவில் ஒருத்தன்
போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
வெட்டி எடுத்து இணைப்பு ஆறு என்று பெயர் வைத்தேன்.
முகம் தெரியாது. சட்டை தெரியும்.
நீ வாங்கித் தந்த சட்டை.

ஆசாரிபள்ளத்தில் என் குடல்வாலை எடுத்தபோது
ஒப்புதல் படிவத்தில் நீ போட்ட கையெழுத்து கிடைத்தது.
உறவு என்ற கட்டத்தில்
திருத்தமாக எழுதியிருக்கிறாய்: தங்கை.
அதைத் திரும்ப மடித்து வைத்துவிட்டேன்.

தாசையன் சார் கேட்டவுடன் கடிதம் தந்தார்.
'இவர்கள் நல்ல கிறிஸ்தவத் தம்பதிகள்.'
என் பெயர் சுயம்புலிங்கம் என்பது அவருக்குத் தெரியும்;
பிரியத்தில் எழுதிவிட்டார்.
தம்பதி என்றால்
கல்யாணச் சான்றிதழ் கேட்பார்கள் சார் என்றேன்.
பேனாவை மூடினார்.
ரப்பர் ஷீட் காயும் கொடிக்குப் பின்னால் போனவர்
வெகுநேரம் வரவில்லை.
வந்து, தம்பதிகளை அடித்து
மேலே 'இருவர்' என்று எழுதி
சுருக்கொப்பம் போட்டார்.
கிறிஸ்தவ என்பதை அப்படியே விட்டுவிட்டார்.
வாடகையைக் கூட்டவில்லை.
பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

குளச்சல் வியாகுலம்மா ஒன்றும் கேட்கவில்லை.
பற்று நோட்டையே தூக்கித் தந்தாள்.
நர்சு வீடு என்ற பக்கத்தில்
சாளை, அயிலை, நெத்தோலி,
ஒரு ஈஸ்டருக்கு முக்கால் கிலோ நெய்மீன்.
நீ விமானம் ஏறிய மாதத்திலிருந்து எல்லாம் பாதி.
"ஆளு ரெண்டுண்ணு மீனு சொல்லும் மக்கா,
நான் என்னத்துக்குத் தனியா எழுதணும்?"
மீன்வாடை அடிக்கும் அந்தப் பக்கங்களை
ஸ்கேன் செய்யும் பையன்
முகத்தைத் திருப்பிக்கொண்டே செய்தான்.

கடைசியில் ஒரு கட்டம்:
சேர்ந்து வாழத் தொடங்கிய தேதி.
ராத்திரி உன்னைக் கூப்பிட்டேன்,
அங்கே அப்போதுதான் சாயங்காலம்.
குக்கரைக் கொண்டுவந்த நாள் என்றாய் நீ,
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.
எனக்கு அதற்கும் ஒரு மாதம் முன்பு.
குழித்துறையில் சப்பாத்து முங்கிய இரவு.
ஆறு செம்மண் நிறத்தில் ஏறி வந்து
கைப்பிடிக் கம்பியில் வாழைத்தார் சிக்கிக் கிடந்தது.
இனி எப்படிப் போவது என்றாய்.
மரச்சீனி அவித்து வைத்திருக்கிறேன் என்றேன்.
பெரிய பாலம் திறந்துதான் இருந்தது.
பத்தரைக்குக் கடைசி பஸ்ஸும் இருந்தது.
இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

நீ போனில் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாய்.
பிறகு, அதையே போடு என்றாய்.

நூலகத்தில் அந்த வாரத்துப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன்.
ஆறாம் பக்கம், மூன்று வரி.
குழித்துறை சப்பாத்து நீரில் மூழ்கியது,
பொதுமக்கள் பாலம் வழியாகச் செல்ல அறிவுறுத்தல்.
மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி,
இணைப்பு இருபத்தொன்று.
இதில் நீங்கள் எங்கே என்று
அந்த அதிகாரி கேட்கக்கூடும்.

பாலத்தைப் பற்றிய வரியை
எடுத்துவிடலாமா என்று வக்கீல் குமாஸ்தா கேட்டார்.
இருக்கட்டும் என்றேன்.