இருபத்தோராம் நாள்

கீழ்வேளூரில் ரயில்வே கேட்டுக்கு இப்பால்
ஜெபமாலையம்மாவின் உறைப்பட்டறை.
மனு எண் பதினேழு.
எதிர்ச்சாரிக் கல்யாண மண்டபத்துத் தருமையன்
பச்சை மையில் எழுதியிருந்தார்:
மாப்பிள்ளை அழைப்புப் படங்களில் எல்லாம்
பின்னால் கக்கூஸ் தொட்டி உறைகள் தெரிகின்றன.
ஆவன செய்க.

டேப்பும் விதி நகலும் எடுத்துக்கொண்டு போனேன்.
திறந்தவெளியில் சரக்கு வைக்க
சாலை விளிம்பிலிருந்து இருபதடி விட வேண்டும்.
எட்டடிக்கு மேல் அடுக்கக் கூடாது.
போகிற வருகிறவர் கண்ணில் படாதபடி
மறைப்புச் சுவர் வேண்டும்.
வாசித்துக் காட்டினேன்.
ஈரச் சாக்கை ஓர் உறைமேல் இழுத்து விட்டபடி
அந்தம்மா கேட்டார்:
"சரக்குன்னா எது சார்?"

கைநீட்டினேன்.
"அது சரக்கில்ல, இன்னும் பச்சை.
இருபத்தோரு நாள் தண்ணி குடிக்கணும்.
அதுவரைக்கும் நான்
செஞ்சுக்கிட்டுதான் இருக்கேன்."

நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
உற்பத்தி வேறு பிரிவு. அதற்குச் சுவர் வேண்டாம்.
இறுகிக்கொண்டிருப்பது எந்தப் பிரிவு என்று
சென்னையில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஈரம் காயுமுன் ஒவ்வோர் உறையிலும்
ஆணியால் தேதி கீறிவிடுவாராம் செல்லக்கண்ணு.
ஆகவே நான்
குந்திக் குந்தி, கால்சட்டை முட்டியில் சேறு ஒட்ட,
உறை உறையாய்த் தேதி படித்தேன்.
மூன்று நாள், உற்பத்தி.
பத்தொன்பது, உற்பத்தி.
இருபத்திரண்டு, சரக்கு.
ஒரே அடுக்கில் கீழ் ஆறும் சரக்கு, மேல் நான்கும் உற்பத்தி.
எட்டடியை எங்கிருந்து அளப்பது?
செல்லக்கண்ணு டேப்பின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு
மரியாதையாகக் காத்திருந்தார்.

"முந்தியெல்லாம் ஒரு கெணத்துக்குப் பத்து உறை கேப்பாங்க.
இப்ப இருபத்தஞ்சு.
ஆத்துல தண்ணி வந்தாலும் கெணத்துல ஏற மாட்டேங்குது.
உங்க எட்டடி
பாதிக் கெணத்துக்குக்கூட வராது சார்."

குறித்துக்கொண்டேன், எங்கே சேர்ப்பதென்று தெரியாமல்.
உயரத்துக்கு விதியில் ஒரு முழுப் பக்கம்.
ஆழத்துக்கு ஒரு வரியும் இல்லை.

வேலியோரம் ஒன்று தனியே கிடந்தது.
பதினைந்து, பதினொன்று, பதினெட்டு.
அன்று சாயங்காலம் வார்த்தது. அன்றிரவு கஜா.
முகமெல்லாம் மழை கொத்திய குழி.
"சாக்கு போச்சு, கூரைத் தகடு போச்சு,
மூணு தென்னையும் போச்சு.
இது இருந்த எடத்துலயே இருந்துச்சு."
வாங்க ஆளில்லை. உடைக்க அவருக்கு மனமில்லை.
படிவத்தில் மூன்று கட்டங்கள்:
மூலப்பொருள், முடிந்த பொருள், கழிவு.
பேனா மூடியைக் கடித்தபடி குனிந்தேன்.
உள்ளே நான்கு குட்டிகளோடு படுத்திருந்த நாய்
எந்தக் கட்டத்துக்கும் சம்மதிக்காமல் உறுமியது.

அப்போது மண்டபத்தில் மேளம் ஓய்ந்தது.
போட்டோக்காரப் பையன் ஒருவன்
மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பெண்ணைச்
சாலை தாண்டி நடத்திக்கொண்டு வந்தான்.
பட்டுச்சேலை சேற்றில் படாமல் தூக்கிப் பிடிக்க ஒரு தோழி.
ஓர் உறையை நிமிர்த்தி வைக்கச் சொன்னான்.
"வட்டத்துக்குள்ள ரெண்டு முகமும், சூப்பரா வரும்."
செல்லக்கண்ணு உருட்டி நிறுத்திக் கல் முட்டுக் கொடுத்தார்.
இருபது நாள் ஆனது அது.
நாளைக்கும் உற்பத்தி.

எதிரே மண்டபப் படியில் தருமையன்,
தாம்பூலப் பையோடு, வாய் திறந்தபடி.
ஜெபமாலையம்மா ஒன்றும் சொல்லவில்லை.
குடத்துத் தண்ணீரை அடுத்த உறைமேல் சாய்த்தார்.

பையன் ஒற்றைக் கண்ணைச் சுருக்கி
என்னைப் பார்த்துக் கையை விசிறினான்:
"சார், நீங்களும் டேப்பும் ஃபிரேம்ல விழறீங்க.
கொஞ்சம் கண்ணுல படாம தள்ளி நில்லுங்க."

எத்தனை அடி என்று கேட்டேன்.