கடலோரப் பெரட்டு

ஞாயிறு காலை ஆறே காலுக்குத் தண்ணீர் வற்றும்.
அதற்குள் அணைக்கரையில் நிற்க வேண்டும்.
இங்கே சங்கு ஊதுவதில்லை யாரும்.
நிலாதான் மண்டோர்.

மற்ற ஆறு நாள் எனக்கு வேறு பெரட்டு.
ஐந்தாம் டிவிஷன் செக்ரோல் என் கையில்:
வந்தவருக்குக் கோடு,
மழையில் பாதியோடு திரும்பியவருக்கு அரைப்பேர்,
வராதவருக்கு வட்டம்.

எழுதாத தாள்கள் மிஞ்சிய பழைய புத்தகம் ஒன்றை
ஆபிஸ் குப்பையிலிருந்து எடுத்து வந்தேன்.
இப்போது அதில் ஆட்களுக்குப் பதில்
பாக்காவ் கன்றுகள்.

செம்பனை நர்சரியில் கழித்துவிட்ட கறுப்புப் பைகளில்
நாங்களே முளைக்க வைத்தவை.
டிசம்பரில் நானூறு நட்டோம்.
ஜனவரியில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆஜர்.
பிப்ரவரியில் குரங்கு பிடுங்கியது போக
இருநூறுக்குச் சற்று மேல்.
ஏப்ரலில் ஒரு கப்பல் கயிறு,
தொடை பருமன்,
எந்தத் துறைமுகத்தில் அறுந்ததோ,
உருண்டு வந்து மூன்று வரிசையைப் படுக்க வைத்தது.

அன்று நான் வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தேன்.
யுகேந்திரன் சேற்றில் முழங்கை வரை விட்டுத் துழாவி,
"இதுக்குப் போடாதீங்கக்கா, வேர் புடிச்சிருக்கு" என்றான்.
அரைப்பேர் போட்டேன்.

தண்டில் கொட்டலசு ஏறினால்
பாரம் தாங்காமல் கன்று சாயும்.
சுரண்டுவது நீலாவதியின் வேலை.
பத்தொன்பது வருஷம் களைமருந்து தெளித்தவள்;
வலக்கை நகங்கள் பாதிதான் வளரும்.
பழைய பல்துலக்கியும் ஒரு தேக்கரண்டியுமாக
ஒவ்வொரு தண்டாகக் குனிந்து
ஏதோ திட்டிக்கொண்டே தேய்க்கிறாள்.
திட்டு கொட்டலசுக்கா கம்பெனிக்கா
கேட்டதில்லை நான்.

கடைத்தெருவில் கேட்கிறார்கள்:
"ஞாயித்துக்கெழமையும் சேத்துல எறங்கறீங்களே,
எவ்வளவு கொடுக்குறான்?"
"ரெண்டு நாள் இடுப்பு வலி" என்கிறாள் நீலாவதி.
"போனஸ் உண்டு, சேத்துப்புண்."

ஆ செங் தன் வலையைக் கரையில் விரித்துக் கூப்பிடுவார்.
சிக்கிய பெலாங்காஸ் மல்லாந்து
பத்துக் காலாலும் காற்றை உழுதுகொண்டிருக்கும்.
வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது.
ஓட்டின் விளிம்பில் கை கொடுத்து
ஒவ்வொரு இழையாகக் கழற்ற வேண்டும்.
வலையை அறுத்தால் அவர் சோற்றை அறுத்ததாகும்.
ஒன்றுக்குக் கால் மணி நேரம் போகிறது.
விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காது,
நேரே தண்ணீருக்குள்.
அந்த மரியாதையின்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அணைக்கரையோரம் பதினாலு செம்பனை
சென்ற வருஷம் கடலுக்குள் விழுந்தது.
இன்னும் குலையோடு கிடக்கிறது ஒன்று.
அறுக்க ஆள் போகாது.
கணக்கில் மட்டும் நிற்கிறது.

இன்று எண்ணினேன்.
அறுபத்தெட்டு.
இன்னொரு முறை எண்ணினேன்.
அறுபத்தொன்பது.

வரிசைக்கு வெளியே, கயிறு கிடந்த பள்ளத்தில்,
குச்சியும் இல்லை, நாடாவும் இல்லை,
எங்கிருந்தோ மிதந்து வந்து
தானே ஊன்றி
இரண்டு இலை விட்டிருந்தது ஒன்று.
எங்கள் கை நட்டதில்லை.

நீலாவதி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.
பிறந்தது இந்த டிவிஷனில்தான்,
ஐம்பத்து மூன்று வயது,
இன்னும் சிவப்பு ஐசி அவளுக்கு.
"ஏம்மா, பெர்மிட் இருக்கா?" என்று
அந்த இலைகளிடம் கேட்டுவிட்டுச்
சத்தமாகச் சிரித்தாள்.

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது.
நனையாமல் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்து
அடியில் புதிதாக ஒரு வரி இழுத்தேன்.
பெயர் தெரியாது.
ஊர் தெரியாது.
கோடு போட்டேன், முழுப்பேர்.