ஐம்பதடி

முறைப்பாடு வந்து பன்னிரண்டாம் நாள்
அளவுநாடாவோடு போனேன்.
றெட்பானா தாண்டி, வாய்க்கால் வீதி.
மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்
பிரதேச சபையின் படிவம்
வெயிலில் சுருண்டு கிடந்தது.

வீதிக்கு இந்தப் பக்கம் குடியிருப்பு,
அந்தப் பக்கம் கிராமம்
என்று வரைபடத்தில் ஒரு கோடு.
அங்கே எத்தனையும் வளர்க்கலாம்,
இங்கே பத்துக்கு மேலென்றால் அனுமதி.
கோழிகள் கோட்டில்தான் நின்றன.

"எத்தனை?"
"ஒன்பது" என்றார் புவனரதி.
எண்ணினேன். ஓடினதை இரண்டுதரம் எண்ணிப்
பதினொன்று வந்தது. வெட்டினேன்.
ஒன்பதுதான்,
சாக்குக்குள் அடைகிடந்த பேட்டையும் சேர்த்து.
அதன் வயிற்றுக்குக் கீழே பதின்மூன்று முட்டை.
"இதுகளும் கணக்கோ?"
விதியில் பறவை என்றுதான் இருக்கிறது.
"எப்ப பொரிக்கும்?"
"நாளையிண்டைக்கு."
திகதியைத் தெளிவாக எழுதினேன்.

கிணற்றுக்கும் கூட்டுக்கும் ஐம்பதடி வேண்டும்.
நாடாவின் நுனியை அவர் கிணற்றுக்கட்டில் பிடிக்க
கத்தரிப் பாத்தியை மிதிக்காமல்
பின்னுக்குப் பின்னுக்கு நடந்தேன்.
நாற்பத்தாறு.
கூடென்றால், பழைய பிரிட்ஜ் ஒன்றின் கோது,
நாலு கல், முன்னுக்குக் கம்பிவலை,
மேலே ஒரு துண்டுத் தறப்பாள்,
அதில் பாதி அழிந்த ஏதோ நிறுவனத்தின் நீல எழுத்து.

"கிணத்தை நகத்தேலாது தம்பி.
கூட்டை நகத்துவம்."
சட்டைக் கையை மடித்தேன்.
உள்ளே நாலு கோழி ஊரைக் கூப்பிட
ஆளுக்கொரு பக்கம் தூக்கி
அடி அடியாய் வைத்தோம்.
கூடு இருந்த இடத்தில்
வெளிறின சதுரம், சிதறி ஓடும் கறையான்,
அவர் மாரி முழுக்கத் தேடின
ஒற்றைச் செருப்பு.

ஐம்பது. ஐம்பதரை.
மதிலுக்கு விதி ஆறடி. அதுவும் இருந்தது.
நிமிர்ந்து பார்த்தால்
மதிலுக்கு அப்பால்
முறைப்பாடு எழுதின, இளைப்பாறிய ஆசிரியரின்
படுக்கையறை யன்னல்.
முன்பைவிட நாலரை அடி கிட்ட.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

அவருடைய கையெழுத்து அழகு.
'விடியற்புறம் மூன்று மணி முதல்' என்பதற்குக் கீழே
அடிமட்டம் வைத்துச் சிவப்புக்கோடு.
படிவத்தில் சத்தத்துக்கும் ஒரு கட்டம் உண்டு.
எத்தனை அடி, எத்தனை உருப்படி,
எதைப் போடுவது அதற்குள்?
பேனையைப் பிடித்தபடி நின்றேன்.

சேவல் தறப்பாளில் ஏறி
இடம் மாறினதைச் சுற்றிப் பார்த்துக்
கழுத்தை நீட்டி
பகல் பதினொன்றரைக்குக்
கூவிற்று.

யன்னல் திறந்தது.