இடதில் எண்ணெய், வலதில் உப்புநீர்

கலாமாவில் யாருக்கும் மூக்கில் வியர்ப்பதில்லை.
அட்டகாமாவின் காற்று அதற்கு விடாது.
காலையில் கைக்குட்டையை விரித்தால்
செம்பு நிறத்தில் ஒரு பொருக்கு,
ஓரத்தில் புதுச் சிவப்பு.
சுரங்கத்துக்கு நான் எழுதித் தரும் கணக்கில்
இந்தத் தாது சேராது.

என் வேலை ஆய்வுக்கூடத்தில்.
பொடித்த கல்லை அமிலத்தில் கரைத்து
நூற்றில் எத்தனை பங்கு செம்பு என்று சொல்ல வேண்டும்.
ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெற்றுக் குப்பி வைப்போம்.
ஒன்றுமில்லாததையும் அளந்தால்தான்
இருப்பதை நம்ப முடியும்.

பதினோரு வருட வறட்சி.
முதலில், அடைப்பு நீக்கும் ஸ்பிரே.
இரண்டு நாள் கதவு திறந்தது,
மூன்றாம் நாள் நிலையோடு பெயர்ந்தது.
பிறகு புதினாக் களிம்பு:
குளிர்ச்சி மாதிரி ஒன்றைக் காட்டிவிட்டு
இருந்த ஈரத்தையும் வாங்கிக்கொண்டு போயிற்று,
தேர்தலுக்கு வந்துபோகிறவர் போல.

வாசலின் தடவு என்றார் எலியாசர்,
முந்நூறு டன் லாரி ஓட்டுபவர்.
எல்லா நோய்க்கும் அவருக்கு கிரீஸ்தான் மருந்து.
தடவினேன். படுத்தால் தொண்டைக்கு இறங்கியது.
"நுரையீரல் வரைக்கும் விடாதே,
வாசலின் வாசலோடு நிற்கட்டும்"
என்று அதட்டினாள் செவிலி இஸ்மேனியா.

ஆவிப்பெட்டி வாங்கினோம்.
இந்த ஊர்த் தண்ணீரில் பாதி கல்.
விடிந்தால் மேசை, தலையணை,
எவாரிஸ்தோவின் இமைமுடி எல்லாம்
வெள்ளைத் தூள்.
சுரங்கம் குடித்து மிச்சம் வைத்த ஆற்றை
நாங்கள் காற்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம்.
அது நிறைந்ததாகத் தெரியவில்லை.

மிஞ்சியவை இரண்டு:
உப்புநீர், எள்ளெண்ணெய்.
ஒன்றை ஒன்றோடு நிறுத்திப் பார்க்க
எனக்குத்தான் இரண்டு நாசி இருக்கிறதே!
இடதில் எண்ணெய், மூன்று சொட்டு.
வலதில் உப்புநீர், இரண்டு பீய்ச்சல்.
நோட்டில் கோடு கிழித்தேன்:
பொருக்கு, இரத்தம், எரிச்சல், மணம்.
வெற்றுக் குப்பிக்குத்தான் வழியில்லை.
மூன்றாவது துளை கேட்டு யாரிடம் போவது?

உப்புநீர் உடனே குளிரும்,
ஒரு மணி நேரத்தில் என்னை மறந்துவிடும்.
எண்ணெய் தாமதமாக வரும், வந்தால் தங்கும்,
ஆனால் சூப்பில் எள், சோப்பில் எள்,
எவாரிஸ்தோவின் கழுத்திலும் எள்.
ஒரு வாரம் இடது வென்றது.
மறுவாரம் வலது.
ஒரே நாளில் காலை ஒன்று, மாலை ஒன்று.

ஐந்தாம் வாரம் இஸ்மேனியா
நோட்டைப் புரட்டிச் சிரித்தாள்.
"பிளோரிந்தா, மூக்கு ஒரே ஆள் இல்லை.
சில மணிக்கொருமுறை ஒரு நாசி
மூச்சை மற்றதிடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கும்.
உங்கள் சுரங்கம் மாதிரி, ஷிப்டு.
நீ அளந்தது மருந்தையா,
தூங்கப் போனவனையா?"

என் ஐந்து வாரத் துல்லியம்
அங்கேயே மூக்குடைபட்டது.

அன்றிலிருந்து இரண்டையும் இரண்டிலும்.
முதலில் நீர், அது காயுமுன் எண்ணெய்.
ஆய்வுக்கூடத்துக்காரிக்கு இது அவமானம்தான்:
எது செய்தது என்று
இனித் தெரியவே தெரியாது.

ஒரு செவ்வாய், இரவு ஷிப்டு முடிந்து
கதவைத் திறக்கிறேன்.
ரொட்டி கருகியிருக்கிறது.
ஈரத் துடைப்பம். பூனை. வெங்காயத் தோல்.
பதினோரு வருடம் வெளியில் நின்றவர்கள்
ஒரே நேரத்தில் இடித்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.
எல்லோருக்கும் பின்னால்
ஆணியில் தொங்கும் எவாரிஸ்தோவின் மேலங்கி:
சிகரெட்.
நான்கு வருடத்துக்கு முன்
என் தலையில் கைவைத்து விட்ட சிகரெட்.
நேற்றையது.

இத்தனை நாள் என் மூக்கை நம்பி
வாழ்ந்திருக்கிறான் மனிதன்.

தூங்குகிறான், இமையில் வெள்ளைத் தூளோடு.
வேண்டாம் என்றாலும் கேட்காமல்
இரவு தவறாது எனக்காக
ஆவிப்பெட்டியை நிரப்பிவைக்கிறவன்.

எழுப்பவில்லை.
நோட்டை எடுத்து
மணம் என்ற கட்டத்தில் 'உண்டு' என்று எழுதினேன்.
இடதா, வலதா என்ற இடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.